டிராக்டரிலிருந்து இறங்கி மலையேறிய இன்ஜின்... நீலகிரி பிக்கப் வண்டிகளின் டீசல் கதை!

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர், கூடலூர்... நீலகிரியின் எந்தத் தேயிலைச் சரிவில் நின்று பார்த்தாலும் மதியத்துக்கு மேல் ஒரு காட்சி தப்பாது. வலைப் பைகளில் பசுந்தேயிலையை அடுக்கிக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருக்கும். அவற்றில் பல, மஹிந்திராவின் பொலிரோ பிக்கப் வகை. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது 2,523 சிசி டீசல் இன்ஜின்.

அந்த 2,523 என்ற எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. சிலிண்டரின் விட்டம் 88.9 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 101.6 மில்லிமீட்டர். ஏன் இப்படி முழுமையில்லாத எண்கள்? அங்குலத்தில் மாற்றிப் பாருங்கள். மிகச் சரியாக மூன்றரை அங்குலம், நாலு அங்குலம். மெட்ரிக் அளவுக்கு என்றோ மாறிவிட்ட நாட்டில், இன்று ஷோரூமிலிருந்து வரும் வண்டியின் இதயம் இன்னும் அங்குலக் கணக்கில் துடிக்கிறது. காரணம், அது பிறந்தது வண்டிக்காக அல்ல. இங்கிலாந்தில் ஏர் உழுத டிராக்டருக்காக.

குன்னூரில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். ஊரில் எல்லோரும் அவரை ‘மேஸ்திரி’ என்றுதான் அழைப்பார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர் கைக்குழந்தை. அந்த ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத்திலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அப்பாவும் அம்மாவும் அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. பையனுக்கு மட்டும் கொழுந்தைவிட கிரீஸ் பிடித்திருந்தது. 14 வயதில் பட்டறைக்கு வந்தவர், அறுபதைத் தாண்டியும் அங்கேயே நிற்கிறார். நீலகிரிக்கு வந்த சின்ன டீசல் வண்டிகளின் வரலாற்றை எழுத வேண்டுமென்றால், அவருடைய பட்டறையின் மூலையில் குவிந்து கிடக்கும் பழைய பாகங்களை அடியிலிருந்து மேல்வரை அடுக்கினாலே போதும்.

அடியில் இருப்பது பெட்ரோல் ஜீப்.

மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. எஸ்டேட் துரைமார்களுக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி வேறில்லை. நாலு சக்கரத்திலும் இழுவை, கல் ரோடு, சேற்று ரோடு என்று பார்க்காத நெஞ்சுரம். ஆனால் அது குடித்த பெட்ரோல்! மலை உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலைக் கலக்கும்; கறுப்புப் புகை கக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் ஏறி வண்டி கிளம்பாது. சட்டையைக் கழற்றி அந்த மூடியைத் துடைப்பதுதான் மேஸ்திரி பட்டறையில் கற்ற முதல் வேலை.

அதே காலத்தில் பெரிய லாரிகள் டீசலுக்கு மாறியிருந்தன. சென்னை எண்ணூரில் 1950-களின் தொடக்கத்திலேயே லேலண்ட் காமெட் லாரிகள் பூட்டப்பட்டன. 1954-ல் ஜாம்ஷெட்பூரில் டாடா, மெர்சிடிஸ் பென்ஸுடன் சேர்ந்து லாரி தயாரிப்பைத் தொடங்கியது. சென்னை சிம்சன் நிறுவனம் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களை இங்கே தயாரித்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு மலையேறிய லாரிகள் எல்லாம் டீசல்தான். ஆனால் ஒரு டன், ஒன்றரை டன் ஏற்றும் சின்ன வண்டிக்கு ஏற்ற டீசல் இன்ஜின் இந்தியாவில் இல்லை.

டீசல் ஏன் மலைக்கு அவ்வளவு வசதி? ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் இன்ஜினீயர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய இன்ஜினின் தத்துவம் எளிது. பெட்ரோல் இன்ஜின் காற்றையும் எரிபொருளையும் கலந்து அழுத்தி, பொறி வைத்துக் கொளுத்தும். டீசல் இன்ஜினோ வெறும் காற்றை மட்டும் இருபது மடங்குக்குப் பக்கத்தில் அழுத்தும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறதல்லவா, அந்தச் சூடுதான். இங்கே அது 500 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, துடைக்கச் சட்டையும் வேண்டியதில்லை. குறைந்த வேகத்திலேயே முழு இழுவை கிடைக்கும். கொண்டை ஊசி வளைவில் ஏறக்குறைய நின்றுவிட்டு, சுமையோடு மறுபடி கிளம்ப வேண்டிய வண்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? (1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ருடால்ஃப் டீசலே அதைப் பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார்.)

இனி டிராக்டருக்கு வருவோம். அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை, 1950-களில் பிராட்ஃபோர்டு நகரில் சின்ன டிராக்டர்களை உருவாக்கியது. பி-250, பி-275, பி-414 என்று வரிசையாக வந்தன. அவற்றின் நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் முதலில் 144 கன அங்குலம், பிறகு 154 கன அங்குலம். 1963-ல் மஹிந்திரா அந்த நிறுவனத்தோடு கைகோத்து இந்தியாவில் பி-275 டிராக்டரைத் தயாரிக்கத் தொடங்கியது.

ஒரே குடும்பத்தில் ஒரு பக்கம் பெட்ரோல் குடிக்கும் ஜீப், இன்னொரு பக்கம் சிக்கனமான டீசல் டிராக்டர். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க்கு விலை வைத்தபோது, அதைத் தூக்கி இதில் வைத்தால் என்ன என்ற யோசனை வராமல் இருந்தால்தான் ஆச்சர்யம். டிராக்டரின் 144 கன அங்குல இன்ஜினைச் சிசியில் சொன்னால் சுமார் 2,350. ஜீப்பில் ஏறியபோது அதன் பெயர் எம்.டி. 2350!

வயலில் மெதுவாக உழுதுகொண்டிருந்த இன்ஜின் அது. ஜீப்பில் வைத்தபோது பல் ஆடும் அளவுக்கு அதிர்ந்தது. “உள்ள உக்காந்து வெத்தல போட முடியாதுங்க, சுண்ணாம்பு மூக்குல ஏறிடும்” என்று அந்தக் கால டிரைவர்கள் சொன்னதை மேஸ்திரி இப்போதும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் இழுத்தது. பெட்ரோல் ஜீப் முதல் கியரில் மூச்சுவாங்கிய ஏற்றங்களில் அது இரண்டாவதில் முனகாமல் போனது.

அதிர்வைக் குறைக்க மஹிந்திரா பிரான்ஸ் பக்கம் திரும்பியது. 1979-ல் பெஜோ நிறுவனத்திடமிருந்து எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் இன்ஜினைத் தயாரிக்க உரிமம் பெற்றது. பெயரே அதன் ஜாதகம்: நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம். ஆப்பிரிக்கா முழுக்க டாக்ஸியாகவும் பிக்கப்பாகவும் ஓடித் தேய்ந்தும் சாகாத பெஜோ கார்களின் டீசல் இன்ஜின் குடும்பம் அது. மகாராஷ்டிராவின் இகத்புரி ஆலையிலிருந்து வந்த இந்த 2,112 சிசி இன்ஜின், 1980-களில் நீலகிரியின் ஜீப்புகளுக்குப் புது வாழ்வு கொடுத்தது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஜனங்களை ஏற்றிய ஜீப்புகள் பெருகியது இந்த டீசலின் தயவில்தான்.

பெஜோ இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. டீசலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சாமல், தலையில் இருக்கும் சின்ன அறைக்குள் பீய்ச்சும். அங்கே பற்றி, பிறகு கீழே இறங்கும். அதனால் சத்தம் குறைவு. ஆனால் அந்த அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். குளிர்காலத்தில் ‘ஹீட்டர்’ போட்டு அறையைச் சூடாக்காமல் கிளம்பாது. மார்கழி, தையில் ஊட்டியின் உறைபனி புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் விடியற்காலை... டிரைவர் சாவியைத் திருப்பிவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டு, டேஷ்போர்டின் சின்ன விளக்கு அணையக் காத்திருப்பார். ஹீட்டர் பிளக் ஒன்று போயிருந்தால் அந்த சிலிண்டர் மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு அடம்பிடிக்கும்.

இதற்கு மலைக்காரர்கள் கண்ட வைத்தியம்: வண்டியை எப்போதும் இறக்கத்தில் நிறுத்துவது. காலையில் இரண்டாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடி உருட்டிவிட்டு, வேகம் வந்ததும் காலை எடுப்பது. பேட்டரியே செத்திருந்தாலும் பல நாள் பிழைப்பு ஓடிவிடும். ‘வீடு கட்ட எடம் பார்க்கும்போதே வண்டி நிறுத்த சரிவு இருக்கான்னு பார்ப்பாங்க’ என்பது மேஸ்திரியின் மிகைப்படுத்தல். முழுப் பொய்யும் இல்லை.

1980-களின் நடுவில் ஜப்பானியர்களும் வந்தார்கள். ஸ்வராஜ் மஸ்தா, டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஐஷர் மிட்சுபிஷி... பெயர்களைப் பார்த்தாலே அந்தக் காலக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். அவர்களுக்குப் பதிலாக டாடா 1986-ல் இறக்கிய 407, மலைக் காய்கறி வியாபாரத்தையே மாற்றியது. கேத்தி பள்ளத்தாக்கின் கேரட்டும் பீட்ரூட்டும் லாரி நிறையும்வரை காத்திராமல் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க முடிந்தது. 1988-ல் டாடாமொபைல் 206 வந்தது; ‘பிக்கப்’ என்ற உருவத்தை இங்கே பலர் முதலில் பார்த்தது அதில்தான். அதன் வாரிசான 207 இன்றும் கோத்தகிரி ரோட்டில் தென்படும்.

டிராக்டர் இன்ஜினை மஹிந்திரா மறந்துவிடவில்லை. 154 கன அங்குலம், அதாவது 2,523 சிசி இன்ஜின், எம்.டி.ஐ. என்ற பெயரில் திரும்பி வந்தது. சிலிண்டருக்குள் நேரடியாக டீசல் பீய்ச்சும் வகை. குளிரில் லேசாகக் கிளம்பும். டீசல் குறைவாகக் குடிக்கும். ‘கடகட’ சத்தம் மட்டும் கூட வரும். 2000-ல் பொலிரோ வந்தபோது அதன் முதல் இன்ஜின் பெஜோ வழி வந்ததுதான். ஆனால் சுமை வண்டிக்காரர்கள் கேட்டது டிராக்டர் வழி இன்ஜினை. மிச்சமாகிற டீசல்தானே அவர்களுக்கு லாபம்! பிரெஞ்சுக்காரர் வந்து போனார். பிராட்ஃபோர்டு டிராக்டர் தங்கிவிட்டது.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. அங்கே ‘ஹெவி டியூட்டி’ பிக்கப் என்றால் நம் ஊர் மினி லாரிக்குச் சமம். 1989-ல் டாட்ஜ் பிக்கப்பில் ஏறிய கம்மின்ஸ் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், பண்ணை மற்றும் கட்டுமான இயந்திரங்கள் செய்யும் கேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1983 மாடல் ஃபோர்டு பிக்கப்புக்கு 6.9 லிட்டர் டீசல் இன்ஜின் கொடுத்தது யார் தெரியுமா? இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்! நம் டிராக்டரைப் பெற்றெடுத்த அதே தாய்வீடு. கடனில் மூழ்கிய அந்த நிறுவனம் 1985-ல் டிராக்டர் பிரிவை விற்றது. அது கேஸ் நிறுவனத்தோடு சேர்ந்தது. மிஞ்சிய லாரிப் பிரிவு நேவிஸ்டார் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1994-ல் ஃபோர்டுக்கு ‘பவர் ஸ்ட்ரோக்’ இன்ஜினைக் கொடுத்தது. அந்த கம்மின்ஸ் 5.9 இன்ஜின் குடும்பமும் இந்தியாவுக்கு வந்தது. 1993-ல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் அதை ஜாம்ஷெட்பூரில் தயாரித்தது. அமெரிக்காவில் ஒரு குடும்பம் வாரக் கடைசியில் படகு இழுத்துப் போகும் இன்ஜின், இங்கே பத்து டன் லாரிக்கு!

நம் ஊர்க் கணக்கு நேர் எதிர்த்திசையில் போனது. 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. இரண்டே சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். இண்டிகா காரின் இன்ஜினைப் பாதியாக நறுக்கியது போன்ற கட்டமைப்பு. கம்மின்ஸின் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ‘சின்ன யானை’ என்று செல்லப்பெயர் வாங்கிய அது, சமவெளியில் பிய்த்துக்கொண்டு போனது. நீலகிரியில்? ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அவ்வளவு மூச்சு குறையும். 16 குதிரையில் மூன்று குதிரை கல்லாறிலேயே இறங்கிக்கொண்ட மாதிரிதான். டவுனுக்குள் கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன் எடுக்க அது போதும். தேயிலைச் சரிவுக்குப் பெரிய இன்ஜினும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவும் தேவைப்பட்டன. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ வந்தபோது, அதில் ஒன்றரை லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜின் இருந்தது. தமிழ்நாட்டில் பிறந்த வண்டி என்பதில் மேஸ்திரிக்குக் கொஞ்சம் பெருமை.

ஏறுவது ஒரு கலை என்றால், இறங்குவது உயிர் சம்பந்தப்பட்டது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் 14. ‘முதல் அல்லது இரண்டாவது கியரில் மட்டும் செல்லவும்’ என்று போலீஸ் பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. டீசல் விலை ஏற ஏற, சில இளம் டிரைவர்களுக்கு ஒரு விபரீத ஆசை வரும். இறக்கம்தானே, இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டினால் ஒரு லிட்டர் மிச்சமாகாதா?

இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மேஸ்திரி கை ஓங்குவார். அதற்கு இன்ஜின் சார்ந்த காரணம் இருக்கிறது. பிரேக்கை லேசாக மிதித்தாலே வண்டி நிற்கிறதே, அந்த உதவி ‘வேக்கம்’ எனப்படும் வெற்றிடத்திலிருந்து வருகிறது. பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும் வழியில் தடுப்பு இருப்பதால் அங்கே வெற்றிடம் தானாக உருவாகும். டீசல் இன்ஜினில் அந்தத் தடுப்பு வேலை செய்வதில்லை. காற்று தாராளமாகப் போகும். எனவே வெற்றிடத்துக்கென்று தனி பம்ப் வேண்டும். பல பிக்கப்களில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும். சேமிப்பில் இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். நாலாவது மிதிக்கு பெடல் கல்லாகிவிடும். பின்னால் ஒன்றரை டன் கேரட்.

“மிச்சம் புடிச்ச டீசலுக்கு மாலை வாங்கலாமாடா?” என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். அவரோடு பட்டறையில் சேர்ந்த ஒருவர், பிறகு டிரைவராகப் போனவர், பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் போய்ச் சேர்ந்தார். அந்த வண்டியிலிருந்து கழற்றிய வேக்கம் பம்ப் இன்னும் பட்டறையின் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் முதலில் கழற்றிப் பூட்டப் பழகுவது அதில்தான்.

ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைச் சாலை விதியும் இன்ஜினை வைத்து வந்ததுதான். சுமையோடு ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி நகர்த்துவதில் கிளட்ச் பாதி எரிந்துவிடும். சுற்றுலா வரும் கார்கள் இதைக் கவனித்தால் கோடையில் எத்தனையோ பிக்கப்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

பிறகு வந்தது மேஸ்திரியின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட மாற்றம். பழைய இன்ஜினில் டீசலைப் பீய்ச்சியது ஒரு இயந்திர பம்ப். பெங்களூரில் 1951-ல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் பெயரால் ‘மைக்கோ பம்ப்’ என்றே அதற்குப் பேர். அழுத்தம் 200 பார் சுற்றி இருக்கும். சத்தம் கேட்டே எந்த சிலிண்டரின் நாசில் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு பைப்பின் நட்டையும் கொஞ்சம் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது ஓட்டம் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி. கழற்றி மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ ‘பம்ப் நாசில் சர்வீஸ்’ கடைக்கு அனுப்பினால், மறுநாள் பஸ்ஸில் திரும்பி வந்துவிடும்.

காற்று மாசுக் கட்டுப்பாடு இறுக இறுக, ‘காமன் ரெயில்’ வந்தது. ஒரே குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசல் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் சொல்லும். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்.-4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6. டீசலில் இருந்த கந்தகம் 50 பி.பி.எம்-மிலிருந்து 10-க்கு இறங்கியது. புகைபோக்கியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் மூக்கைப் பொத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பழைய 2,523 சிசி இன்ஜினும் டர்போ, காமன் ரெயில், சென்சார் எல்லாம் அணிந்துகொண்டு புது மாப்பிள்ளையாக வந்து நின்றது. உள்ளே அதே மூன்றரை அங்குல பிஸ்டன்.

ஆனால் மேஸ்திரி பைப்பின் நட்டைத் தளர்த்த முடியாது. ஆயிரம் பார் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் தந்திரமும் போயிற்று. பேட்டரி முழுதாகச் செத்தால் கம்ப்யூட்டருக்கு உயிரில்லை, டீசல் வராது. கரி வடிகட்டிக்கும் ஒரு குணம்: அவ்வப்போது நன்றாகச் சூடாகி, சேர்ந்த கரியை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு விடாமல் ஓட வேண்டும். இலை எடுக்கும் வண்டியோ இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கொள்முதல் மையத்தில் நின்று, எடை போட்டு, மறுபடி உருளும். மஞ்சள் விளக்கு எரியாமல் என்ன செய்யும்?

பல வருஷம் காதாலேயே வைத்தியம் பார்த்தவர், விளக்கைப் பார்த்துவிட்டு, “கம்பெனிக்கு எடுத்துட்டுப் போங்க தம்பி” என்று சொல்ல வேண்டிய நிலை. சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். டீசல் விலையும் கைகொடுக்கவில்லை. 2014 அக்டோபரில் அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை விட்டது. 2020 ஜூனில் டெல்லியில் ஒரு கட்டத்தில் டீசல், பெட்ரோலையே விலையில் தாண்டியது. பசுந்தேயிலை விலை மட்டும் இருந்த இடத்திலேயே இழுபறி. வண்டிக்குத் தவணை கட்டும் சிறு விவசாயிகளின் முகத்தில் அது தெரியும். பழைய வண்டியை விற்கவும் மனமில்லை, புதியதை வாங்கவும் தெம்பில்லை. பட்டறைக்கு வந்ததெல்லாம் அந்தப் பழைய வண்டிகள்தான். மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கோவையில் வேலைக்குப் போய்விட்டான்.

கொரோனா ஊரடங்கில் திரும்பி வந்த மகன், போகவில்லை. சேர்த்துவைத்த காசில் ஒரு ஸ்கேனர் கருவியும் பழைய லேப்டாப்பும் வாங்கினான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “டாக்டர் கைநாடி பார்க்காம எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுக்கற மாதிரி” என்பார். மகன் பதில் பேச மாட்டான். ஒரே பட்டறையில் இரண்டு மூலை. பழைய வண்டி அப்பாவிடம், புதிய வண்டி மகனிடம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சேர்ந்து உட்காருவார்கள்.

போன கொழுந்து சீஸனில் ஒரு நாள் சாயங்காலம், இலை ஏற்றிய பிக்கப் ஒன்று பட்டறை வாசலில் திணறி வந்து நின்றது. புது வண்டி. ஏற்றத்தில் இழுக்கவே இல்லை. “அண்ணா, எட்டு மூட்டை இருக்குங்க. ஃபேக்டரி மூடிட்டா அவ்ளோதான்” என்றார் டிரைவர். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மூட்டைக்குள் நசுங்கி நின்றால் உள்ளுக்குள் சூடேறி, இலை சிவந்துவிடும். சிவந்த இலையில் நல்ல தூள் வராது. ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ கொழுந்து வேண்டும்; அதற்காக மூன்று பெண்கள் காலையிலிருந்து சரிவில் நின்றிருக்கிறார்கள்.

மகன் ஸ்கேனரைச் செருகினான். டர்போ அழுத்தம் குறைவு என்று திரையில் வந்தது. சென்சாரா, டர்போவே போய்விட்டதா? டர்போ என்றால் செலவு பெரிது. பாகம் கோவையிலிருந்து வர வேண்டும். அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மேஸ்திரி எழுந்து வந்தார். “ஆக்சிலேட்டர மிதி” என்றார் டிரைவரிடம். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடகட சத்தத்துக்கு அடியில் மெல்லிய ‘ஸ்ஸ்...’ இருந்தது. கையை உள்ளே விட்டு, இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவினார். விரல் நுனியில் காற்று பட்டது. மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் ஒரு கீறல்.

“தம்பி, இங்க வா. உன் டப்பா சொன்னது சரிதான். காத்து போகுது. எங்க போகுதுன்னு இங்க கை வெச்சுப் பாரு.”

மகன் கை வைத்துப் பார்த்தான். டார்ச் அடித்தார்கள். தற்காலிகமாக சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினார்கள். மகன் கோடை அழித்தான். மஞ்சள் விளக்கு அணைந்தது. நாளைக்குக் குழாயை மாற்றியே ஆக வேண்டும் என்று டிரைவரிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார் மேஸ்திரி.

வண்டி ஃபேக்டரி கேட்டைத் தொட்டபோது இருட்டிவிட்டது. அடியில் நசுங்கியிருந்த ஒரு மூட்டையை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, மற்ற ஏழையும் எடை போட்டுக்கொண்டார்கள்.